பால்மரத் திணையின் பறை

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணும்பொழுது, தெய்வம், உணவு, மரம், தொழில் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணினார். உரையாசிரியர்கள் ஒருபடி மேலே சென்று ஒவ்வொரு நிலத்துப் பறைக்கும் பெயர் சொன்னார்கள். முல்லைக்கு ஏறுகோட்பறை; மருதத்திற்கு நெல்லரிகிணை; நெய்தலுக்கு மீன்கோட்பறை; பாலைக்கு நிரைகோட்பறை. நம் மாணவர் இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். ஆயினும் இப்பெயர்களில் உள்ள ஒரு செய்தியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஏறு தழுவுதல், நெல் அரிதல், மீன் கொள்ளுதல், நிரை கவர்தல் என்று இவையெல்லாம் வினையால் பெற்ற பெயர்கள். ஊர் கூடிச் செய்யும் ஒரு தொழிலுக்கு அழைப்பாக முழங்கியது எதுவோ அதுவே அந்நிலத்தின் பறை. தொழில் இல்லாத பறையை நம் இலக்கணம் அறியவில்லை.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பழைய தோட்டங்களைப் பார்ப்போம். லிங்கி, லாபு, பிராட்வால், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங், கெடிஸ் என்னும் பெயர்களைக் கேட்டதும் இம்மாநிலத்துத் தமிழர்க்கு நினைவு வருவது ஒரு முழுத் திணை. மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் தெய்வங்கள்; பால்மரம் மரம்; விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோருக்குச் சுமப்பது தொழில்; லயத்து வரிசை ஊர். இலக்கணம் வகுத்தோர் கண்டிராத ஆறாம் திணை ஒன்றை நம் முன்னோர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வாழ்ந்து காட்டினர். அத்திணைக்கும் பறை இருந்தது. தப்பும் உறுமியும் அவை.

உறுமியின் இன்றைய பெயர் நல்ல பெயராக இல்லை. தைப்பூச ஊர்வலங்களில் உறுமிக் குழுக்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. சவ ஊர்வலத்தில் உறுமி முழங்கி, பின்னால் இளைஞர் கூட்டம் ஒரே நிறச் சட்டையில் வந்தால், கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர் 40,000 பேருக்கு மேல் என்றும், அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கினர் இந்தியர் என்றும் தெரியவந்தது. நாட்டு மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏழு பேராக உள்ள ஓர் இனத்திற்கு இது சிறு கணக்கன்று. அந்நாள் முதல் நம் சங்கங்களும் கோயில்களும் பள்ளிகளும் இளைஞரை மீட்கும் திட்டங்கள் பலவற்றை நடத்தி வருகின்றன. அத்திட்டங்களையே இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு நூலை எப்படி மதிப்பிடுவோமோ அப்படியே ஒரு திட்டத்தையும் மதிப்பிடலாம். அதற்கும் ஒரு கருத்து உண்டு, நடை உண்டு, பாத்திரங்கள் உண்டு.

இத்திட்டங்களுள் மிகுதியாகக் காணப்படுவது தன்முனைப்பு முகாம். இரண்டு நாள் நடக்கும். ஒரு சொற்பொழிவாளர் வருவார்; கண்ணீர் வரும்படி தாய் தந்தையரைப் பற்றிப் பேசுவார்; மாணவர் அழுவர்; உறுதிமொழி எடுப்பர். முடிவு நாளில் கலைநிகழ்ச்சி. பரதம் ஒன்று, கோலாட்டம் ஒன்று, வேட்டி கட்டிய சிறுவர் சிலர். பண்பாட்டைக் கொண்டே பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று அறிக்கையில் எழுதப்படும். இம்முகாம்களில் அக்கறை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். நடத்துவோர் பலர் தம் கைப்பணத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் இந்நாடகத்தில் இளைஞனுக்குக் கொடுக்கப்பட்ட பாத்திரம் என்ன? கேட்பவன், அழுபவன், திருந்துபவன். இரண்டு நாளும் அவனிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. திங்கட்கிழமை அவன் வீடு திரும்பும்பொழுது அவனை எதிர்பார்த்து நிற்கும் ஒரே அமைப்பு, தெருமுனையில் உள்ள கும்பலாக இருந்துவிடுகிறது. அங்கே அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது.

பழைய தோட்டத்துத் திருவிழாவில் இந்த இடத்தை வேறு ஒன்று நிரப்பியிருந்தது. சம்பள நாளில் வீட்டுக்கு இவ்வளவு என்று சந்தா தண்டப்படும். காப்புக் கட்டிய நாள் முதல் தோட்டம் முழுவதும் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடும். தோரணம் கட்டச் சிறுவர். தண்ணீர் சுமக்கவும் விறகு பிளக்கவும் சற்று வளர்ந்தோர். கரகத்திற்கு விரதம் இருப்பவர் ஒருவர், அவருக்குத் துணை நிற்பவர் இருவர். தீமிதிக் குழிக்குக் கட்டை அடுக்குவோர் சிலர். அன்னதானத்துக்கு அண்டா இறக்குவோர் சிலர். எந்த வயதுப் பையனுக்கும் அவன் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலை ஒன்று இருந்தது. உறுமி அடிப்பவன் அவ்வேலைகளின் நடுவே நின்றான். இடப்புறத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்து அந்த உறுமலை எழுப்புவது ஒரு நாளில் வரும் வித்தையன்று. மூத்தவன் ஒருவனின் பக்கத்தில் பல மாதம் நின்றால்தான் கைகூடும். காவடி எடுப்பவனின் காலுக்கும் மூச்சுக்கும் ஏற்ப அடியை இறுக்கவும் தளர்த்தவும் தெரிய வேண்டும். ஆக, அக்காலத்து உறுமிக்கு ஒரு செய்தி இருந்தது. இலக்கணம் தொழிலைச் ‘செய்தி’ என்றே குறிக்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இவ்வாறு சொல்வதால் தோட்ட வாழ்வைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. தப்படிப்பதும் சாவுச் செய்தி சொல்வதும் ஒரு சாதியார் தலையில் சுமத்தப்பட்டிருந்தன. கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதில் மண்டை உடைந்த தோட்டங்கள் உண்டு. கள்ளுக்கடையைத் தோட்ட நிருவாகமே நடத்திற்று. திருவிழா நாளில் அங்கே கூட்டம் கூடிற்று. வெள்ளைத் துரைக்கு மாலை போட்டு முன் வரிசையில் அமர்த்தியதும் அதே திருவிழாவில்தான். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: இக்குறைகளை எதிர்த்து முதலில் எழுந்தவர்களும் தோட்டத்து இளைஞர்களே. கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தது. தோட்டத்துக்குள் ஒழுக்கத்தையும் தூய்மையையும் தானே நடைமுறைப்படுத்த முயன்றது. 1947இல் போலீசு நடவடிக்கையால் அது நசுக்கப்பட்டது. யாரும் அவ்விளைஞர்களுக்கு முகாம் நடத்தவில்லை. அவர்களே பிறரைத் திருத்தப் புறப்பட்டவர்கள். பின்னர் 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியே தொடங்கிய மாணவர் மணிமன்றமும், அதன் வழிவந்த இளைஞர் மணிமன்றங்களும் இதே வழியில் மற்றோர் அடி வைத்தன. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று இளையோர் தாமே கூட்டம் நடத்தி, கணக்கு எழுதி, நாடகம் போட்டனர். நல்ல தமிழ் எழுதும் ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது என்று பாராட்டுகிறோம். குறிப்பேடு எழுதவும் கணக்கு ஒப்புவிக்கவும் கற்ற ஒரு தலைமுறையும் அங்கிருந்தே வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இத்திணை குலைந்த வரலாறு நெடியது. இங்கே விரித்துரைக்க இடமில்லை. 1948இல் பிறந்த அவசரகாலச் சட்டம் தொழிற்சங்க இளைஞரை ஒடுக்கியது. தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் 1949 மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது இதே மாநிலத்தின் ஜெராம் பாடாங் பகுதியில்தான். அடுத்துத் தோட்டத் துண்டாடல்; அதன் கொடுமையைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார்; அதற்கு மாற்றாகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 1969க்குப் பின் வேலை உரிமத் தொல்லை. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. வேண்டிய கைகளும் அயல்நாட்டிலிருந்து வந்தன. இறுதியில் மரமே வேண்டாம் என்று ஆயிற்று. நீலாயிலும் செனவாங்கிலும் தோட்டம் இருந்த இடத்தில் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் எழுந்தன. தோட்டம் மறைந்த பின்னும் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘தோட்டம்’ என்னும் சொல் நிற்கக் காண்கிறோம். திணை போயிற்று, கருப்பொருள் சில அலைகின்றன. உறுமி அவற்றுள் ஒன்று.

அலைதல் என்பது எப்படியிருக்கும் என்பதைச் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ திரைப்படம் காட்டியது. 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசையும் பெற்ற படம் அது. ‘கெட்டவன்’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல் தோட்டத் தமிழர் வாயில் உருமாறிப் படத்தின் தலைப்பாயிற்று. படிப்பே வழி என்று அடித்து வளர்க்கும் தந்தை. குடும்பத்து ஆடவருள் ஒருவர் போதைக்கு இரையானவர், ஒருவர் குண்டர் கும்பலில் இருப்பவர். நடுவே அப்போய் என்னும் குறும்புக்காரச் சிறுவன். அச்சிறுவனிடம் கற்பனையும் நடிப்பும் நிறைய உண்டு. அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்த நண்பர் சிலர், கும்பல் வாழ்க்கையைக் கவர்ச்சியாகக் காட்டிவிட்டது என்று குறை கூறினர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. திணை இழந்த குடும்பம் ஒன்றில் ஒரு பிள்ளையின் திறமைக்குப் பயன் சொல்ல ஆளில்லாமற் போவதையே அது காட்டிற்று. ஆசிரியர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. நெகிரி செம்பிலானிலேயே நம் அண்டையில் தெமுவான் என்னும் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். இம்மாநிலத்தின் புகழ்பெற்ற தாய்வழி மரபில் அவர்களுக்கு உள்ள இடம் பெரியது. பிடுவாண்டா என்னும் குலம் பூர்வகுடிப் பெண்களின் வழிவந்ததாக மரபு சொல்கிறது. உண்டாங் என்னும் வட்டாரத் தலைவர்களைத் தரும் குலம் அது. மரபில் தாய் என்று போற்றப்படுவோரின் பிள்ளைகள் இன்று பள்ளியைப் பாதியில் விடுவோருள் இருக்கின்றனர். அவர்களுக்கும் திட்டங்கள் உண்டு; விருந்தினர் வந்தால் அவர்களும் சேவாங் ஆடிக் காட்டுகிறார்கள். ஆனால் 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடியினர் சட்டத்தின்படி, அவர்கள் தேர்ந்துகொள்ளும் தலைவனுக்கும் அமைச்சரின் உறுதிப்பாடு வேண்டும். ஆட்டம் அவர்களுடையது, பதவி பிறர் கையில்.

இவ்வேறுபாட்டின் விலை என்ன என்பதைக் கனடாவில் ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் என்னும் இரு அறிஞர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துப் பூர்வகுடிச் சமூகங்கள் ஏறத்தாழ 200இல், 1987 முதல் 1992 வரை நேர்ந்த இளைஞர் தற்கொலைகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டனர். பூர்வகுடி இளைஞர் என்றாலே தற்கொலை மிகுதி என்று பொதுவாகப் பேசிவந்தோர்க்கு அது வியப்பளித்தது. பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் அவ்வாண்டுகளில் ஓர் இளைஞன்கூடத் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளவில்லை. நேர்ந்த சாவுகளில் பெரும்பகுதி பத்தில் ஒரு பங்குச் சமூகங்களிலேயே குவிந்திருந்தது. வேறுபாடு எங்கிருந்து வந்தது? அவர்கள் ஆறு அடையாளங்களை வைத்துப் பார்த்தனர்: தன்னாட்சி, நில உரிமைக்கான வழக்கு, கல்வி நிருவாகம், நலவாழ்வுப் பணி, காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக் கூடம். ஆறும் உள்ள சமூகங்களில் இளைஞர் தற்கொலை ஒன்றுமில்லை. அடையாளம் குறையக் குறையச் சாவு கூடிற்று. சிறு சமூகங்களின் கணக்கு ஆதலின் எண்களை அளவோடு கொள்ள வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் ஆறில் ஐந்து, ஒரு சமூகம் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்வது பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டும் கூத்தும் சேரும் பண்பாட்டுக் கூடம் ஒன்றே ஒன்று. நம் திட்டங்களோ அந்த ஒன்றை மட்டும், அதுவும் கடைசி நாள் மாலையில், எடுத்துக்கொண்டன.

பூர்வகுடியினருக்குச் சொல்வது தோட்டத் தமிழர்க்குப் பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. நீலாயை அடுத்த டெங்கில் வட்டாரத்தில், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் மக்கள் வழக்காடி, 2002இல் தம் மரபுரிமையை உயர் நீதிமன்றம் ஏற்கச் செய்தனர். சாகோங் தாசி வழக்கு என்று அது பேசப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய தமிழன் அப்படி ஒரு வழக்கைத் தொடுக்க முடியாது. மண் அவன் வியர்வையைக் குடித்ததேயன்றி அவன் பெயருக்கு வரவில்லை. நில உரிமை என்னும் அடையாளம் நமக்கு இல்லை. எஞ்சியிருப்பவை கோயில் நிருவாகம், பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இடுகாட்டுக் குழு, கூட்டுறவுச் சங்கம் ஆகியவை. இவற்றின் நாற்காலிகளில் அமர்ந்திருப்போரின் வயதை ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் போதும், இளைஞன் ஏன் வெளியே நிற்கிறான் என்பது விளங்கிவிடும். தோட்டத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து நகர்ப்புறத்தில் பெரிதாகக் கட்டிய கோயில்களில் இன்று பந்தல் போடக் குத்தகைக்காரர், சமைக்கக் குத்தகைக்காரர், அலங்காரத்திற்குக் குத்தகைக்காரர். பையன்களுக்கு மிஞ்சியது உறுமி ஒன்றே. அதையும் அவர்கள் சத்தமாக அடித்தால் குற்றம்!

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம்மிடையே தோன்றிய மிகச் சிறந்த கருத்து எனலாம். நேர்த்தி, விரதம், யாத்திரை என்னும் பழைய நோன்பு முறையை அப்படியே எடுத்துப் படிப்பின்மேல் ஏற்றினார் அவர். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை செல்லும் மாணவன் ஒரு பார்வையாளன் அல்லன். ஏதோ ஒன்றை நேர்ந்துகொண்டவன். அங்கே படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர் திரும்பிவந்து கற்பித்ததும் அம்முறையின் உயிர். அதன் எல்லையும் அதன் கருத்திலேயே இருக்கிறது: தேர்வை நோக்கி நிற்பவனுக்கு அது ஏணி, தேர்வுக்கு வெளியே விழுந்துவிட்டவனை அது எட்டாது. அவ்வாறு விழுந்தவர்களுக்காகவே 2011இல் மைஸ்கில்ஸ் அறவாரியம் தோன்றியது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களைத் தங்கவைத்துக் கைத்தொழில் கற்பிக்கிறது. தொழில் என்னும் கருப்பொருளைத் திருப்பித் தர முயல்வதால் அதை நாம் உயர்வாக மதிக்கிறோம். இருப்பினும் நெகிரி செம்பிலான் போன்ற மாநிலத்தில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு வெளியூர் விடுதி ஒன்று முழு விடையாகாது. பயிற்சி முடிந்து ஊர் திரும்புகிறவனுக்கு ஊர் என்ன கொடுக்கப்போகிறது?

இலங்கை மலையகத்தில் காமன் கூத்து இன்றும் நடப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தொடங்கும் அக்கூத்தில் இரதியாகவும் மதனாகவும் வேடம் ஏற்பவர் விரதம் காப்பர். பாடல் தெரிந்த மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பார். தோட்டம் முழுவதும் அதில் பங்கு கொள்ளும். வறுமையும் மதுவும் அங்கும் உண்டு. கூத்து அவற்றை ஒழித்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இருபது வயது இளைஞன் ஒருவன் தன் ஊர் தன்னை நம்பி ஒரு காரியத்தை விட்டிருக்கிறது என்று ஆண்டில் சில வாரமாவது அறிகிறான். இதற்கு அரசு மானியம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு சிறு பங்கு உண்டு. அது கருப்பொருள் பாடத்திலேயே தொடங்கலாம். தொண்டகப் பறையின் பெயரைக் கேட்டு எழுதச் சொல்லும் அதே வகுப்பில், கடைசி வரிசையில் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும் பையனிடம் உறுமியின் அடிகளுக்கு என்ன பெயர் என்று கேட்டால், அவன் சொல்வான். யாரிடம் கற்றாய் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வான். அப்பெயர் பெரும்பாலும் ஒரு பழைய தோட்டத்துக்குக் கொண்டுபோய் விடும். அக்கோயிலை யார் கட்டினார், எப்போது பெயர்த்தார்கள், அம்மன் சிலை எந்த லாரியில் வந்தது, பழைய இடுகாடு இப்போது யார் நிலத்துக்குள் இருக்கிறது என்பவற்றை அப்பையனே போய்க் கேட்டு எழுதி வரட்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கோயில் வரலாறு பெரும்பகுதி இன்னும் ஏட்டில் ஏறவில்லை. சொல்லக்கூடிய பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர். அவர்களிடம் போய் உட்கார நம் பேராசிரியர்களைவிட அவனுக்கே உரிமை அதிகம். எழுத்துப்பிழை இருக்கும், ஆசிரியர் திருத்திக் கொடுக்கட்டும். எழுதிய ஏடு பள்ளி நூலகத்தில் அவன் பெயரோடு இருக்கட்டும்.

கோயில் நிருவாகத்தாரிடம் கேட்பது இன்னும் எளிது. உறுமிக் குழுவுக்கு விதி எழுதுகிறவர்கள் அக்குழுவிலிருந்து இருவரை அழைத்து, விதியை அவர்களையே எழுதச் சொல்லலாம். திருவிழாவின் பந்தற் கணக்கையோ அன்னதானக் கணக்கையோ முப்பது வயதுக்கு உட்பட்ட ஒருவரிடம் ஓர் ஆண்டு விட்டுப் பார்க்கலாம். பணம் குறையலாம் என்று பொருளாளர் அஞ்சுவார். பெரியவர்கள் கையில் இருந்தபோது எந்தக் கோயிலிலும் குறைந்ததே இல்லையா என்ன?